சாங்கியில் ஆடியதும் ஃபுட்டிதான்: ஏ.எஃப்.எல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஏ.எஃப்.எல் ஆணைய உறுப்பினர்களுக்கு,

ஃபுட்டி என்று நாங்கள் சொல்லும் ஆஸ்திரேலியக் கால்பந்தை நடத்துகிற உங்கள் லீகின் (இன்று ஏ.எஃப்.எல், அன்று வி.எஃப்.எல்) ஆட்டக் கணக்கில் பீட்டர் சிட்டி என்ற பெயரைத் தேடினால் கிடைப்பது இவ்வளவுதான்: செயின்ட் கில்டா அணி, 1936, 2 ஆட்டங்கள். ஒவ்வொரு வருஷமும் நேர்மையாகவும் சிறப்பாகவும் ஆடியவருக்கு லீக் தரும் பிரவுன்லோ பதக்கத்தை வாங்கியவர்கள் பட்டியலை எடுத்தால் 1941-இல் ஃபுட்ஸ்கிரேயின் நார்ம் வேர், அதற்குப் பிறகு 1946-இல் மெல்பர்னின் டான் கார்ட்னர், நடுவில் நான்கு வருஷம் காலி. போர் காரணமாக அந்த வருஷங்களில் பதக்கம் வழங்கவில்லை. இரண்டு இடத்திலும் எழுதியிருப்பது உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் காலியாக விட்டிருக்கும் அந்த வருஷங்களுக்குள் சிங்கப்பூரில், சாங்கி என்ற ஜப்பானியரின் கைதி முகாமில், உங்கள் ஆட்டம் உங்கள் விதிப்படி நடந்தது. கடைசியில் ஒருவருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள், அதற்கு பிரவுன்லோ என்றே பெயர் வைத்தார்கள். வாங்கியவர் இந்த '2 ஆட்டங்கள்' பீட்டர் சிட்டி.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், இந்த வருஷம் ஆன்ஸாக் வாரத்துக்கு (போருக்குப் போனவர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25 வருகிற வாரம்) என் மகன் ஆடும் உள்ளூர் கிளப்பில் (எந்த கிளப் என்பது இங்கே வேண்டாம்) போருக்குப் போன ஃபுட்டி வீரர் ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். கிளப் கட்டடத்தில் சுவரில் ஒட்டுவதற்காக. இவன் சிட்டியைத் தேர்ந்தெடுத்தான், பாதி ராத்திரி வரை உட்கார்ந்து சாங்கி முகாமின் படமெல்லாம் வரைந்து எழுதினான். ஒட்டவில்லை. கேட்டதற்கு, கோபமாக எல்லாம் இல்லை, நல்லபடியாகத்தான் சொன்னார்கள்: இவர் ரெண்டே மேட்ச்தான் ஆடியிருக்கிறார், சாங்கி பதக்கம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, ட்ரஸ்காட், பராசி மாதிரி பெரிய பேர் யாரையாவது எழுதட்டும். வண்டியில் வரும்போது அவன் கேட்டான், "அப்போ அது நிஜ மேட்ச் இல்லையாம்மா?"

அந்த கிளப்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவர்கள் பார்த்தது உங்கள் பட்டியலைத்தான். சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கி வேலை செய்கிற தன்னார்வலர்கள் அவர்கள், லீகின் கணக்கில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்றுதான் நினைப்பார்கள். அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் பொதுவில் வைப்பதற்கும் காரணம் உண்டு. மெல்பர்னில் ஃபுட்டி ஆடும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர், அவர்களுடைய அப்பா அம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும். சிட்டியின் கதை எங்கள் கதையோடு ஓர் இடத்தில் சேர்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. ஏறக்குறைய 15,000 ஆஸ்திரேலியர்கள் கைதியானார்கள், அவர்களைச் சாங்கிப் பகுதிக்கு நடத்திக் கொண்டுபோய் செலராங் படைமுகாமில் அடைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஃபிட்ஸ்ராய் அணியின் வில்ஃப்ரட் ஸ்மால்ஹார்ன் இருந்தார். 'சிக்கன்' ஸ்மால்ஹார்ன் என்றால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், விங்கில் ஓடுகிறவர், ஃபிட்ஸ்ராய்க்கு 150 ஆட்டம், 1933-இல் பிரவுன்லோ வாங்கியவர். சாங்கியில் ஃபுட்டிப் போட்டிகளை நடத்தியவர்களில் அவர் முக்கியமானவர். டீம்களுக்கு வி.எஃப்.எல் கிளப்களின் பெயரையே வைத்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் வெறும் சோறு, அதுவும் அளந்து கொடுப்பது. சத்துக் குறைவால் பெரிபெரி, அதோடு சீதபேதி, மலேரியா. பகல் முழுக்க வேலைக்குழுவில் இழுத்துவிட்டு வந்தவர்கள் சிங்கப்பூர் வெயிலிலும் புழுக்கத்திலும் நான்கு குவார்ட்டர் ஓடினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதக் குளிர்காற்றில் ஒரு மேட்ச் முடிந்ததும் என் பையன் தண்ணீர் தண்ணீர் என்று அலைகிறான்.

1943 ஜனவரியில் பெரிய மேட்ச். விக்டோரியா ஒரு பக்கம், மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மறுபக்கம். கைதிகள் பத்தாயிரம் பேர் கூடிப் பார்த்ததாகச் சொல்வார்கள். சாங்கிப் போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரர் என்று சிட்டிக்குப் பதக்கம் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், பிரவுன்லோ என்றால் என்ன என்று கையில் வாங்கிப் பார்த்தே தெரிந்த ஒரு மனிதர் அந்த முகாமில் இருக்கும்போது, அந்தப் பெயரில் ஒரு பதக்கத்தைச் சும்மா விளையாட்டுக்குக் கொடுத்திருப்பார்களா? அந்தப் பதக்கம் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நாட்டின் போர் நினைவகம் பாதுகாக்கத் தகுதியானது என்று முடிவு செய்த ஒரு பொருளுக்கு, அந்த ஆட்டத்தின் சொந்தப் பட்டியலில் ஒரு வரி அடிக்குறிப்பு கூட இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். போர்தான் சிட்டியின் வி.எஃப்.எல் வாழ்க்கையை முடித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் செயின்ட் கில்டாவுக்கு ஆடியது 1936-இல், போர் தொடங்கியது 1939-இல். இரண்டு மேட்ச்சுக்கு மேல் அவர் அங்கே ஆடவில்லை, அவ்வளவுதான். விக்டோரியாவின் வடகிழக்கு மூலையில் கட்ஜீவா என்கிற சின்ன ஊர்க்காரர் அவர், மரே ஆற்றின் மேற்பகுதி, மலையும் மாட்டுப் பண்ணையுமான இடம். அப்படி மெல்பர்னுக்கு வந்து ஒன்றிரண்டு மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பிப் போன கிராமத்துப் பையன்கள் எத்தனையோ பேர். அந்த 2 என்ற எண்ணை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, இந்த மனிதர் தன் வாழ்நாளில் எந்த இடத்தில் நின்று மிகச் சிறப்பாக ஆடினாரோ அந்த இடம் உங்கள் கணக்கில் வரவே இல்லை என்பதுதான்.

அவருடைய சகோதரரைப் பாருங்கள். பாப் சிட்டி, கார்ல்டன். 1938-லும் 1945-லும் பிரீமியர்ஷிப் (லீகின் சாம்பியன் பட்டம்) வென்ற அணியில் இருந்தவர், 1945-இல் கேப்டன். அந்த வருஷ கிராண்ட் ஃபைனல் செப்டம்பர் 29-ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்து ஆறு வாரம்தான் கடந்திருந்தது. போர்க்காலத்தில் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமான எம்.சி.ஜி.யைப் படைகளுக்குக் கொடுத்திருந்ததால் பிரின்சஸ் பார்க்கில் நடந்தது. தெற்கு மெல்பர்ன் அணியோடு அடிதடி, ரத்தக்களரி என்றே அந்த மேட்ச்சுக்கு இன்றுவரை பெயர். அதில் பாப் சிட்டிக்குக் கிடைத்த எட்டு வாரத் தடை கூடப் பதிவில் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில், ஒரே மாதிரி பந்தை உதைத்துக் கற்றுக்கொண்டவர்கள். ஒருவர் அடிதடியில் இறங்கியதற்குக் கூடக் கணக்கு இருக்கிறது. இன்னொருவர் பட்டினியோடு ஆடி வாங்கிய பதக்கத்துக்கு இல்லை. பாப் பெரிய ஆட்டக்காரர், அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. பதிவு என்பது எதைப் பார்க்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

"பழைய கணக்கைத் திறக்க முடியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது, ஏனென்றால் ஏற்கெனவே திறந்திருக்கிறீர்கள். 1989-இல் லீக் உட்கார்ந்து, ஓட்டு சமமாக இருந்தும் பழைய விதியால் பிரவுன்லோ கிடைக்காமல் போனவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தது. எட்டுப் பேர். அதில் 1940-ஆம் வருஷத்தின் டெஸ் ஃபாதர்கில், ஹெர்பி மேத்யூஸ் இருவரும் உண்டு, இருவருக்கும் 32 ஓட்டு. 1930-இல் ஆடியவருக்குக் கூட ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து நியாயம் கிடைத்தது. அது சரியான முடிவு. அதைச் செய்தபோது யாருடைய பதக்கத்துக்கும் மதிப்புக் குறைந்துவிடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்ரோல் கட்டுப்பாடு, பயணத் தடை என்பதால் 1942-லும் 1943-லும் ஜீலாங் அணி லீகில் ஆடவே இல்லை. ஜீலாங்கின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்த இரண்டு வருஷத்தைக் காரணத்தோடு எழுதுகிறார்கள். ஒரு கிளப் ஏன் ஆடவில்லை என்பதைச் சொல்ல இடம் இருக்கும்போது, ஒரு மனிதர் எங்கே ஆடினார் என்பதைச் சொல்ல ஏன் இடம் இல்லை?

என் மகனை எழுதச் சொன்ன இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரான் பராசி, அப்பா, 1940-இல் மெல்பர்னோடு கிராண்ட் ஃபைனல் வென்றுவிட்டுப் போனவர், 1941 ஜூலையில் டோப்ருக்கில் இறந்தார். மகன் ரான் பராசி அப்பாவின் 31-ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு ஆடி, இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானார். 'ப்ளூயி' ட்ரஸ்காட் 1939, 1940 இரண்டு பிரீமியர்ஷிப்பிலும் ஆடியவர், பிரிட்டனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டி, 1942-இல் ஊருக்கு வந்தபோது மெல்பர்னுக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் போய், 1943 மார்ச்சில் எக்ஸ்மவுத் வளைகுடாவில் விமானம் விழுந்து இறந்தார். மெல்பர்ன் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். இவர்களை நினைவில் வைத்திருப்பது உங்களுக்குப் பெருமை. ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும்: பிரீமியர்ஷிப் வென்று, பிறகு போரில் இறந்தவர்களுக்கு நம் நினைவில் சுலபமாக இடம் கிடைக்கிறது. மூன்றரை வருஷம் கைதியாக இருந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, ஊரில் சத்தமில்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஸ்மால்ஹார்ன் திரும்பி வந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார், அதனால் அவரைத் தெரிந்தது. ஆனால் அவருடைய 150 ஆட்டத்துக்குப் பக்கத்திலும் சாங்கி இல்லை.

சரி, இப்போது எங்கள் கதை.

அந்த ஜனவரி மேட்ச் முடிந்து சில மாதத்துக்குள் சாங்கியில் இருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ரயில்பாதை போட அனுப்பினார்கள். சிட்டியும் போனார். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை, காட்டையும் பாறையையும் கையால் வெட்டிப் போட்டது, 1943 அக்டோபரில் முடிந்தது. கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள், அதில் ஆஸ்திரேலியர் சுமார் 2,800. சிட்டி பிழைத்து வந்தார், பின்னாளில் அவருக்கு பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கொடுக்கப்பட்டது.

அதே பாதையில் கைதிகளை விடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள், மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், அப்புறம் சொல்லாமலே பிடித்துக்கொண்டு போனார்கள். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றியதையெல்லாம் பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோட்டத்தில் வளர்ந்த யாரும் கேட்டிருப்பார்கள். எவ்வளவு பேர் இறந்தார்கள் என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு, ஆசியத் தொழிலாளர்கள் எல்லோரையும் சேர்த்து 90,000 வரை சொல்கிறார்கள். மருத்துவர் இல்லை, தங்களுக்கென்று அதிகாரிகள் இல்லை, காலரா வந்தபோது கும்பல் கும்பலாகப் போனார்கள்.

என் பாட்டியின் அண்ணன் அதில் ஒருவர். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் கூட்டம்) போனவர் சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் பெயர்ப் பட்டியல் கேட்டார்களாம், அவர் கொடுத்தாராம், இவ்வளவுதான் பாட்டிக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போக ஒரு பட்டியல் இருந்தது, இறந்தவர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. எந்த முகாம், எந்த மாதம், எப்படி, ஒன்றும் தெரியாது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் வரிசை வரிசையாகக் கைதிகளின் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன, ஏறக்குறைய 7,000. அவற்றை நான் மரியாதையோடுதான் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை. பாட்டி கடைசிவரை அவருக்குத் திதி கொடுக்கவில்லை, தேதி தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்பார்.

என் மகன் சிட்டியை ஏன் எடுத்தான் என்றால் இதனால்தான். சயாம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தக் காட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு ஃபுட்டிக்காரர் இருக்கிறார் என்று தெரிந்ததும் அவனுக்கு அவர் நம் ஆள் மாதிரி ஆகிவிட்டார். உங்களிடம் நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்கும் இதுதான் காரணம். பாட்டியின் அண்ணனைப் பற்றி எழுதி வைக்க ஆள் இல்லை, தாள் இல்லை, விவரமும் இல்லை. இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் ஆள் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பதக்கமே போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது. எல்லாம் கையில் இருந்தும் எழுதாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் நீங்கள் ஆன்ஸாக் நாளைப் பெரிதாக நடத்துகிறீர்கள். 1995-இலிருந்து எசண்டன் – காலிங்வுட் மேட்ச், எம்.சி.ஜி. நிறைந்த கூட்டம், ஊதுகொம்பு, மௌனம், எல்லாம் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் நின்று அழுதும் இருக்கிறேன். தியாகம், தோழமை என்று ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். அந்த வார்த்தைகளுக்கு உங்கள் சொந்த ஆட்டத்துக்குள்ளேயே சாங்கியை விடப் பெரிய சாட்சி எது இருக்கிறது? சோற்றுக் கஞ்சியோடு இருந்தவர்கள், அடுத்த மாதம் உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், அம்பயர் வைத்து, விதி வைத்து, நேர்மையாகவும் சிறப்பாகவும் ஆடியவர் யார் என்று தேர்ந்தெடுத்தார்கள். பிரவுன்லோவின் அர்த்தமே அதுதானே.

நான் கேட்பது இவைதான்.

பிரவுன்லோ பட்டியலில் 1942 முதல் 1945 வரை காலியாக இருக்கும் இடத்தில், 'வழங்கப்படவில்லை' என்பதற்குக் கீழே, சாங்கி முகாமில் கைதிகள் நடத்திய போட்டிகளில் பீட்டர் சிட்டிக்கு அந்தப் பெயரில் பதக்கம் வழங்கப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். அதை லீக் பதக்கத்தோடு சமமாக எண்ண வேண்டும் என்று கேட்கவில்லை, இருந்தது என்று எழுதுங்கள் போதும்.

இரண்டு உலகப் போர்களில் எதிலாவது சேவை செய்த ஒவ்வொரு வி.எஃப்.எல் ஆட்டக்காரரின் பெயருக்குப் பக்கத்திலும், ஆட்டக் கணக்கைத் தொடாமல், சேவை விவரத்துக்கென்று தனி இடம் கொடுங்கள்: எங்கே இருந்தார், கைதியாக இருந்தாரா, படைக்குள் அல்லது முகாமுக்குள் ஆடினாரா என்று. ஒரு மேட்ச் ஆடியவரும் 200 மேட்ச் ஆடியவரும் அதில் ஒன்றுதான். படைப் பதிவுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்கின்றன, இதற்கு வேண்டியது ஆளும் நேரமும்தான், உங்களிடம் இரண்டும் உண்டு.

உள்ளூர் கிளப்களுக்கும் பிள்ளைகள் பிரிவுகளுக்கும் ஆன்ஸாக் வாரத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள், போருக்குப் போன ஆட்டக்காரர்களை நினைவுகூர ஆட்ட எண்ணிக்கை ஒரு தகுதி இல்லை என்று. இதற்கு ஆணையக் கூட்டம் கூட வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும்.

கடைசியாக, பர்மா ரயில்பாதையைப் பற்றி உங்கள் மேடையில் எப்போது பேசினாலும், அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்களையும், அவர்களில் பெரும் எண்ணிக்கையில் இருந்த மலாயாத் தமிழர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துப் பேசுங்கள். இன்று உங்கள் கிளப்களில் அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், செய்யாவிட்டால் ஏன் என்பதை அடுத்த ஏப்ரல் 25-க்கு முன் பொதுவில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஃபுட்டி ஆடும் ஒரு பையனின் அம்மா,
மெல்பர்ன்